சின்னக் கட்சிக்கு ஓட்டுப் போடுகிறவர்கள்: நான் பார்த்தது, கேட்டது

கடலூர் மாவட்டத்திலிருந்து:

2016 சட்டமன்றத் தேர்தலில் மக்கள் நலக் கூட்டணிக்காக வீடு வீடாகப் போனேன். தேமுதிக, மதிமுக, விசிக, தமாகா, இரண்டு கம்யூனிஸ்ட் கட்சிகள் என ஆறு பேர் சேர்ந்த அணி. கூட்டணி ஆட்சி என்று வெளிப்படையாகச் சொல்லித்தான் ஓட்டுக் கேட்டோம். பல வீடுகளில் ஒரே பதில்: "நல்லவங்கதான். ஆனா ஜெயிக்கிற பக்கம் போடணும்ல?"

ஒரு அக்கா மட்டும் உட்காரச் சொல்லிக் கேட்டார். "ஆறு கட்சி ஆண்டா, ரேஷன்ல அரிசி வரலைன்னா யாரைப் போய்க் கேக்குறது தம்பி?" நியாயமான கேள்வி. 2006-ஐ நினைவுபடுத்தினேன். அப்போது திமுகவுக்கு 234-இல் 96 இடம்தான். காங்கிரஸ், பாமக, இடதுசாரிகள் வெளியிலிருந்து தந்த ஆதரவில் ஆட்சி அமைந்தது. பாமகவும் இடதுசாரிகளும் நடுவில் விலகியும், ஐந்து வருடமும் ஓடியது. "ரெண்டு ரூபா அரிசி போட்டாங்களே, அந்த ஆட்சியா?" என்று ஆச்சரியப்பட்டார். 'மைனாரிட்டி அரசு' என்று ஜெயலலிதா விடாமல் சொல்லிவந்தும், அவர் மனதில் நின்றது அரிசிதான். ஆதரவு தந்த கட்சிகளுக்கு மந்திரி பதவி இல்லாததால், பேர் முழுக்க ஒரே கட்சிக்குப் போய்விட்டது. சின்னக் கட்சிகள் இழந்தது அங்கேதான் என்று நினைக்கிறேன்.

முடிவு தெரிந்ததே, ஓர் இடம்கூட இல்லை. காட்டுமன்னார்கோயிலில் திருமாவளவன் தோற்றது வெறும் 87 ஓட்டில். அதன் பிறகு அந்தத் தொகுதிக்காரர் ஒருவர், "எங்க தெருவுல மனசு வச்சிருந்தாலே ஜெயிச்சிருப்பாரு" என்று வருத்தப்பட்டார்.

திருச்சியிலிருந்து:

எங்கள் வீட்டில் அண்ணன் மகன் நாம் தமிழருக்குத்தான் போடுகிறான். அண்ணனுக்குக் கோபம், ஓட்டு வீணாகிறது என்று. "ஜெயிக்காதுன்னு தெரிஞ்சுதான் போடுறேன் சித்தப்பா, சதவீதம் ஏறணும்" என்பான் என்னிடம். 2016-இல் 1 சதவீதம் போல இருந்தது 2024-இல் 8-ஐத் தாண்டியது. ஓர் எம்.பி. கூட இல்லாமலே மாநிலக் கட்சி அங்கீகாரம் கிடைத்தது. அதே தேர்தலில் பழைய கரும்பு விவசாயி சின்னம் கைவிட்டுப்போய், மைக் சின்னத்தில் நின்று வாங்கிய ஓட்டு அது.

அப்புறம் ஒன்று. இதே அண்ணன் டெல்லியில் கூட்டணி ஆட்சியை எப்போதும் வரவேற்றவர். 1999-இல் வாஜ்பாய் அரசில் திமுக, மதிமுக, பாமக மூன்றுக்கும் மந்திரிகள் இருந்ததைப் பெருமையாகச் சொல்வார். கோட்டையில் மட்டும் ஏன் கூடாது என்றால், "அது வேற" என்கிறார். எனக்கு அது வேறாகத் தெரியவில்லை.