காற்று அடிக்கும்போதே காற்றாலையை நிறுத்தச் சொன்ன அனுபவம் யாருக்கெல்லாம் உண்டு?

முப்பந்தல் காற்று:
ஆரல்வாய்மொழியில் காற்றாலைப் பராமரிப்பு வேலை. ஆடி மாதம், தோளில் துண்டு நிற்காத காற்று. காலை ஒன்பது மணிக்கு போன்: "எல்லாவற்றையும் நிறுத்துங்கள்." காரணம் கேட்டால், மேலிடத்து உத்தரவாம். பொத்தானை அழுத்தியவன் நான்தான். அதுவரை வாழைத்தோப்பின் மேல் ஓடிக்கொண்டிருந்த இறகின் நிழல் அப்படியே கிடந்தது. ஆடு மேய்க்கும் ஆச்சி அதில் வந்து உட்கார்ந்து, "பழுதா மக்கா?" என்றார். நிறுத்தச் சொல்லிவிட்டார்கள் என்றேன். "இந்தக் காற்றிலா?" என்றார். பதில் சொல்ல முடியவில்லை.

பழைய ஷிஃப்ட்:
மின் கட்டுப்பாட்டு அறையில், அந்த உத்தரவு போடும் மேசையில் இருந்தவன் நான். காற்று ஒரு மணி நேரத்தில் ஏறும், இறங்கும். அனல் மின் நிலையக் கொதிகலனை அணைத்தால் திரும்ப மூட்டப் பல மணி நேரம் ஆகும்; அதனால் மின்சாரம் மிகுந்தால் காற்றாலையைத்தான் நிறுத்தச் சொல்வோம். எல்லாவற்றையும் சதி என்று பேசாதீர்கள். ஆனாலும் ஒரு நாள் மறக்கவில்லை. காற்றாலைகளை நிறுத்தச் சொல்லி போனை எடுத்தபோது திரையில் மின்சாரத்தின் அலைவெண் 49.96 ஹெர்ட்ஸ். வழக்கமாக 50-ஐ ஒட்டி நிற்கும். மின்சாரம் மிகுந்திருந்தால் 50-க்கு மேலல்லவா போயிருக்கும்? நான் கேட்கவில்லை.

மாடிவீடு:
உங்களுக்குக் காற்றாலை, எங்களுக்குக் கூரை. 3 கிலோவாட் சோலார் போட்டு ஐந்து மாதம் இருவழி மீட்டருக்கு, அதாவது வாங்குவதையும் அனுப்புவதையும் தனித்தனியே கணக்கிடும் மீட்டருக்கு, அலைந்தேன். "கையிருப்பு இல்லை." சோதனைக்காக ஒரு வாரம் ஓட்டினோம். நாங்கள் வெளியே அனுப்பிய மின்சாரத்தையும் பழைய மீட்டர் எங்கள் செலவாகக் கணக்கெழுதிவிட்டது. பில்லைப் பார்த்து அம்மா பலகைகளையே கழற்றச் சொன்னார்.

நெல்லைச் சீமை:
மாடிவீடு, இருவழி மீட்டர் வரும்வரை சுவிட்சைத் தொடாதீர்கள். என் மைத்துனருக்கும் இதேதான் நடந்தது. பழைய ஷிஃப்ட் ஐயா, நீங்கள் பார்த்த 49.96 சும்மா விடக்கூடிய எண் இல்லை. தமிழ்நாட்டுச் சோலார் உற்பத்தியாளர்களின் வழக்கில் 2021 ஆகஸ்டில் மின்சார மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம், நிறுத்தச் சொன்ன நேரங்களில் அலைவெண் எவ்வளவு இருந்தது என்பதைத்தான் அலசியது. மின் கட்டமைப்பின் பாதுகாப்புக்காக அல்லாமல் உற்பத்தியைக் குறைத்ததற்கு இழப்பீடு தரச் சொன்னது. முப்பந்தல் தம்பி, அடுத்த முறை போன் வந்தால் யார் பேசினார், எத்தனை மணி, காற்றின் வேகம், திரையில் காட்டும் ஹெர்ட்ஸ், எல்லாவற்றையும் நோட்டில் எழுதுங்கள். உத்தரவை எழுத்தில் கேளுங்கள். தராவிட்டால் அதையும் எழுதுங்கள்.

முப்பந்தல் காற்று:
நோட்டு வாங்கிவிட்டேன் அண்ணாச்சி. அன்றைய நாளை நினைவிலிருந்து முதல் பக்கத்தில் எழுதியிருக்கிறேன். ஹெர்ட்ஸ் என்ற இடம் மட்டும் காலி.