பழைய போர்மட் ஆடினவர்கள் வாருங்கள், முதல் கதை என்னுடையது

பரந்தன்காரன்:

உங்கள் அனுபவத்தை எழுதுங்கள் என்று கேட்டுவிட்டு நான் சும்மா இருந்தால் சரியில்லை, அதனால் என்னுடையதை முதலில் போடுகிறேன். கொஞ்சம் நீளம். பிளேன்ரீ ஊற்றிக்கொண்டு வந்து இருங்கள்.

நான் ஆடுவது யூகியோ, மொன்ஸ்டர் தாள்களை மோதவிடுகிற தாள் விளையாட்டு, அதிலும் கோட் போர்மட் மட்டும்தான். தெரியாதவர்களுக்கு: 2005 ஏப்ரலில் வந்த தடைப்பட்டியல், அந்த ஆண்டின் நடுப்பகுதி வரை வெளிவந்த தாள்கள், அன்றைய விதிகள், இந்த மூன்றையும் அப்படியே நிறுத்திவைத்து ஆடுவது. பிறகு வந்த சிங்க்ரோ, எக்ஸீஸ், லிங்க் என்ற மொன்ஸ்டர் வகை எதுவும் கிடையாது. ஸ்கேப்கோட் என்ற தாளால் வந்த பெயர் அது. போட்டால் நான்கு குட்டிகள் வரிசையாக வந்து படுக்கும். (பெயர்தான் வெள்ளாடு, வருகிற டோக்கனின் பெயர் செம்மறி. அம்மா ஆடு வளர்க்கிறவர், படத்தைப் பார்த்துவிட்டு "இது என்ன சாதி ஆடு?" என்று கேட்டார், என்னிடம் பதில் இல்லை.) நான்குக்கும் பலம் பூச்சியம். ஆனால் மெட்டமோர்போசிஸ் என்ற தாள் கையில் இருந்தால் ஒரு குட்டியைப் பலி கொடுத்து, அதே லெவலில் உள்ள ஒரு பியூசன் வகை மொன்ஸ்டரை இறக்கலாம். குட்டி லெவல் ஒன்று, தௌசண்ட்-ஐஸ் ரெஸ்ட்ரிக்டும் லெவல் ஒன்று. நாங்கள் அதை ஆயிரங்கண்ணன் என்போம். அவன் வந்து குந்திவிட்டால் வேறு எந்த மொன்ஸ்டரும் அடிக்க ஏலாது, நிலை மாற ஏலாது, எதிராளியின் ஒன்றை விழுங்கி அதன் பலத்தையும் தனதாக்கிக்கொள்வான்.

அந்த 2005 இல் நான் கிளிநொச்சியில் தரம் ஏழு. சமாதான காலம், ஏ9 பாதை திறந்திருந்தது, வவுனியாவில் இருந்து லொறிகளில் சாமான் வந்துகொண்டுதான் இருந்தது, ஆனால் அந்தச் சாமான்களுக்குள் எங்களுக்கென்று ஒரு யூகியோ பெட்டி வரவில்லை, வந்திருந்தாலும் அதை வாங்கித் தாருங்கள் என்று வீட்டில் கேட்டிருக்க முடியாது. அடுத்த வருடம் ஓகஸ்டில் பாதை பூட்டுப்பட்டது. அதற்குப் பிறகு நடந்ததை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. வெளிநாட்டில் ஆடுகிறவர்கள் "பழைய நாட்களுக்குத் திரும்பிப் போகிறோம்" என்கிறார்கள். நான் எங்கே திரும்பிப் போவது? எனக்கு இது புது விளையாட்டு.

பழகியது 2020 ஊரடங்கில். தம்பி டூயலிங்புக் என்ற இணையத்தளத்தில் ஆடத் தொடங்கினான், பின்னால் நானும். அதில் கணினி எதையும் தானாகச் செய்து தராது, தாளை நாங்களே இழுத்து நாங்களே வைக்க வேண்டும், விதி தெரியாவிட்டால் எதிரில் இருப்பவன் எழுதியே கிழிப்பான். அப்படிக் கிழி வாங்கித்தான் தம்பி விதிகளைப் பாடமாக்கினான். சோதனைக்கு அந்தளவு படித்திருந்தால் இப்போது வேறு மாதிரி இருந்திருப்பான், அது வேறு கதை.

பிறகு தாளை விரலால் பிடிக்கிற ஆசை வந்தது. அசல் தாள் வாங்க வழியில்லை, அந்தக் கூரியர் செலவுக்கு ஒரு மூடை நெல் விற்க வேண்டும். கொமினிகேசன் கடையில் கலர் பிறின்ற் எடுத்தோம். ஏ4 தாளொன்றில் ஒன்பது வரும், டெக் என்ற ஆட்டக்கட்டுக்கு நாற்பது, ஆட்டங்களுக்கு இடையில் மாற்றுகிற சைட் பதினைந்து, பியூசன் கொஞ்சம் என்று எட்டு ஏ4 போனது. யூகியோ தாள் 59 க்கு 86 மில்லிமீற்றர். கடைக்காரப் பெடியன் "பக்கத்துக்குப் பொருத்து" என்பதை அழுத்திவிட்டதில் எல்லாம் சிறுத்துப்போய் வந்தது, ஸ்லீவ் என்ற பிளாஸ்டிக் உறைக்குள் போட்டால் பல்லில்லாத வாய் மாதிரி ஆடும். திரும்பவும் காசு கொடுத்து எடுத்தோம். பிறின்ற் எடுக்கப் போகிறவர்கள் 100 வீதம் என்பதை முதலில் பாருங்கள், அவ்வளவுதான் என் புத்திமதி.

சரி, விசயத்துக்கு வருகிறேன். ஒரு ஓகஸ்டில் கோயில் திருவிழாவுக்கு ரொறன்ரோவில் இருந்து மாமாவின் மகன் வந்தான். மச்சான் என்னைவிட இரண்டு வயது மூப்பு, அங்கே பள்ளிக்கூட நாட்களில் யூகியோ ஆடினவன். ஒரு தகரப் பெட்டி நிறைய அசல் தாள் கொண்டு வந்திருந்தான், 2003, 2004 இல் வாங்கினவை. அதைத் தொட்டுப் பார்க்கவே எனக்கு நேரம் போய்விட்டது. அவனுடைய பிளாக் லஸ்டர் சோல்ஜர் என்ற தாளின் ஒரு மூலை மடிந்து வெள்ளை தெரிந்தது. அது ஆடப்பட்ட தாள். எங்கள் பிறின்ற் பக்கத்தில் வெட்கப்பட்டுக்கொண்டு கிடந்தது.

தம்பியும் அவனும் திண்ணையில் இருந்தார்கள். முதல் ஆட்டம் மச்சான் தொடங்கினான், ஐந்து தாளோடு ஆடப் போனான். "ஒரு தாள் இழுங்கோ அண்ணை, இதில முதல் ஆளும் இழுக்கலாம்" என்றான் தம்பி. மச்சான் சிரித்தான், இல்லையடா என்றான். முதல் ஆள் இழுக்கக் கூடாது என்று 2014 இல் வந்த மாற்றம் அவனுக்குள் போய்ப் பழசையும் அழித்துவிட்டிருந்தது. அது சின்ன விசயம், இழுத்துக்கொண்டான். இரண்டாவது ஆட்டத்தில்தான் சண்டை.

மச்சானிடம் எயார்நைட் பார்ஷத் என்ற மொன்ஸ்டர் மேசையில், பின்னால் ஒரு தாள் கவிழ்த்து வைத்திருந்தான். தம்பி ட்ரைப்-இன்பெக்டிங் வைரசை இறக்கி, இறக்கிய கையோடு சினிஸ்டர் சேர்ப்பன்ட்டைக் கழித்து "ஃபெயறி" என்றான். அதாவது ஃபெயறி வகை எல்லாம் சாக வேண்டும், பார்ஷத் உட்பட. (கழித்த பாம்பு அவனுடைய அடுத்த ஸ்டான்ட்பையில், அதாவது தாள் இழுத்ததும் வரும் கட்டத்தில், கைக்குத் திரும்பி வரும், அதனால் செலவே இல்லை. அந்தப் பாம்பை எனக்குப் பிடிக்காது.) மச்சான் கவிழ்த்த தாளைத் திறந்தான், பொட்டம்லெஸ் ட்ராப் ஹோல். இறங்கிய மொன்ஸ்டருக்கு 1500 அல்லது அதற்கு மேல் பலம் இருந்தால் அழித்து ஆட்டத்தை விட்டே தூக்கிவிடும். வைரசுக்கு 1600.

"உன்ர வைரஸ் போச்சு, வேலை செய்ய முதல் போச்சு, என்ர பார்ஷத் நிக்கும்" என்றான் மச்சான். இன்றைய விதியில் அது முழுக்கச் சரி. ஆனால் 2005 இல் ஆட்டக்காரனுக்கு முன்னுரிமை இருந்தது. மொன்ஸ்டரை இறக்கினால், எதிராளி எதையும் திறக்க முன்னமே அதன் சக்தியைப் பாவிக்கலாம். அதற்கு மறுமொழியாக எதிராளி பொட்டம்லெஸ்ஸைத் திறக்கலாம், வைரஸ் போகும், ஆனால் தொடங்கிய வேலை நின்றுவிடாது, பார்ஷத்தும் சேர்ந்து போகும்.

அரை மணித்தியாலம் வாய்த்தர்க்கம். "நான் அந்தக் காலத்தில ஆடினவன், நீ இன்ரநெற்றில படிச்சவன்" என்று மச்சான் சொல்லிவிட்டான். தம்பியின் முகம் சிவந்துவிட்டது, ஒன்றும் பேசவில்லை. கரண்டும் நின்றுவிட்டது. மச்சான் போன் வெளிச்சத்தில் தேடிப் பார்த்துக்கொண்டே இருந்தான், பிறகு போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, சத்தம் போடாமல் பார்ஷத்தை எடுத்துக் கழிவில் வைத்தான். உண்மையில் அவனும் சின்ன வயதில் அப்படித்தான் ஆடியிருப்பான், பிறகு ஆடிய பத்து வருடம் அதை மறக்கவைத்துவிட்டது.

தம்பி வென்றிருப்பான் என்று நினைக்கிறீர்கள். இல்லை. மூன்றாவது ஆட்டத்தில் மூலை மடிந்த அந்த பிளாக் லஸ்டர் சோல்ஜர் இறங்கி, ஒரு மொன்ஸ்டரை வெட்டிவிட்டு அதே மூச்சில் திரும்பவும் அடித்து, 3000 புள்ளியைக் கொண்டுபோய்விட்டது. மச்சான் போகும்போது தகரப் பெட்டியைத் திரும்பக் கொண்டு போய்விட்டான். அந்த ஒரு தாளையாவது வைத்துவிட்டுப் போவான் என்று தம்பி கடைசி வரை நினைத்தான்.

குளத்துத்தவளை:

அண்ணை, உங்கள் தம்பிக்கு என் பக்கத்தில் இருந்து ஒரு கைதட்டல். நான் வவுனியா, எடிசன் போர்மட். எடிசன் என்பது ஆளில்லை, அமெரிக்காவில் நியூ ஜேர்சியில் ஒரு ஊர், 2010 ஏப்ரலில் அங்கே நடந்த பெரிய போட்டியை வைத்து வந்த பெயர். வெள்ளைத் தாள் சிங்க்ரோ எல்லாம் உண்டு. கோட் மெதுவாகத் தவழும், எடிசனில் நாலு டேர்னில் கதை முடிந்துவிடும், ஆனாலும் இன்றைக்கு ஆடுகிற மாதிரி முதல் டேர்னிலேயே எதிராளியின் வாயைக் கட்டுவதில்லை. எனக்கு அந்த நடுவாந்திரம்தான் பிடிக்கும்.

நீங்கள் 2005 பற்றிச் சொன்னதால் சொல்கிறேன், 2010 ஏப்ரலில் நாங்கள் செட்டிகுளத்தில், இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த மெனிக் பாம் முகாமில். கூடாரத்துக்குள் தாளும் ஆடினோம், சாதாரணத் தாள். ஸ்பேட்ஸ் ஏழு காணாமல் போய், அதற்குப் பதில் பிஸ்கட் பெட்டி மட்டையில் வெட்டி ஏழு போட்டு வைத்திருந்தோம், அது யாருடைய கையில் இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும், தெரியாத மாதிரி ஆடுவோம். இப்போது எடிசன் டெக்கைப் பிறின்ற் எடுக்கும்போதெல்லாம் அந்த மட்டை ஏழுதான் ஞாபகம் வரும்.

என்னுடைய டெக் ஃப்ரொக் மொனார்க். ட்ரீபோர்ன் ஃப்ரொக் என்ற தவளை செத்துக் கழிவில் கிடக்கும், என் பக்கம் மஜிக், ட்ராப் ஒன்றும் இல்லையென்றால் ஒவ்வொரு ஸ்டான்ட்பையிலும் எழும்பி வரும். மாரியில் கிணற்றடிக்கு வருகிற தவளை மாதிரி, தூக்கி எறிந்தாலும் விடியத் திரும்ப நிற்கும். அதைப் பலி கொடுத்து ரைசா என்ற மொன்ஸ்டரை இறக்கினால், எதிராளியின் ஒரு தாளை எடுத்து அவனுடைய கட்டின் மேலே வைத்துவிடலாம். அழித்தால்கூடப் பரவாயில்லை, அடுத்த முறை அவன் இழுப்பது அதே தாள். ஒரு முறை நண்பன் ஒருவனுக்கு அடுத்தடுத்து மூன்று டேர்ன் இதைச் செய்தேன். மூன்றாவது முறை அவன் தாளைக் கட்டின் மேல் வைக்காமல் என் நெஞ்சில் எறிந்துவிட்டு வெளியே போய் மோட்டார் சைக்கிளை உதைத்தான். பத்து நிமிசத்தில் இரண்டு ரோல்ஸோடு திரும்பி வந்தான், எனக்கு ஒன்றும் தரவில்லை.

முள்ளியவளை அக்கா:

தம்பிமார், நான் போட்டி எல்லாம் ஆடினதில்லை, மகனோடு ஆடுகிறேன், எழுதலாம்தானே?

எங்கள் வீட்டில் இது தொடங்கியது வற்றாப்பளைப் பொங்கலில். கோயில் கடையில் மகன் ஒரு பெட்டி யூகியோ வாங்கினான். முழுக்கப் போலி. எழுத்துப் பிழை, ஒரே படத்துக்கு இரண்டு பெயர், ஒன்றில் அடி பலம் ஐந்து பூச்சியத்தோடு இருந்தது. பிள்ளைகளுக்கு விதி தெரியாது, ஆளுக்கொரு தாளைப் போடுவார்கள், எண் பெரியதாக இருப்பவன் இரண்டையும் எடுப்பான். அந்த ஐந்து பூச்சியக்காரன்தான் அந்த வீதிக்கே ராசா.

பிறகு அவனுக்கு ஒழுங்கான விதியைத் தேடிக் கொடுத்தேன். கோட் போர்மட்டில் தொடங்கியதற்குக் காரணம் தாளில் எழுத்துக் குறைவு, வேறொன்றும் இல்லை. இப்போதைய தாளை எனக்குப் பூதக்கண்ணாடி வைத்துத்தான் வாசிக்கலாம். ஆனால் தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு பொறுத்திருப்பது அவனுக்கு விளங்கவே இல்லை, கையில் வந்ததை அதே நேரம் போட்டுவிடுவான். விளங்க வைத்தது என் அப்பா. அவருக்கு யூகியோவும் தெரியாது, ஒன்றும் தெரியாது. முந்நூற்றி நாலு என்ற தாள் விளையாட்டு ஆடுகிறவர். பேரனைக் கூப்பிட்டு இருத்தி, நான்கு தாள் கொடுத்து, கேட்கச் சொல்லி, துரும்பை, அதாவது மற்றத் தாள்களை வெட்டுகிற தாளை, கவிழ்த்து வைக்கப் பழக்கினார். "துரும்பு கவிண்டு கிடக்கும்வரைக்கும்தான்ரா அவங்களுக்குப் பயம், திறந்தாப் பிறகு அதுவும் ஒரு தாள்" என்றார். அடுத்த கிழமை மகன் என்னோடு ஆடும்போது இரண்டு தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு முகத்தை இறுக்கிக்கொண்டு இருந்தான். நான் பயத்தில் நான்கு டேர்ன் அடிக்கவில்லை. கடைசியில் திறந்து பார்த்தால் ஒன்று ஸ்கேப்கோட், மற்றது அந்த நேரத்தில் ஒன்றுக்கும் உதவாத ஒரு மஜிக் தாள். சும்மா வைத்திருக்கிறான்!

அப்பாவிடம் சொன்னேன். ஒன்றும் சொல்லவில்லை, வெற்றிலையை மென்றுகொண்டு பேரனுக்குக் கண்ணைக் காட்டினார்.

ஒரு கேள்வி: ஆயிரங்கண்ணன் மேசையில் இருக்கும்போது நான் புதிதாக இறக்கும் மொன்ஸ்டரும் அடிக்க ஏலாதா? மகன் ஏலாது என்கிறான். எனக்குச் சந்தேகம், அவன் தனக்கு வசதியாகச் சொல்கிறானோ என்று.

பரந்தன்காரன்:

அக்கா, மகன் சொல்வது சரி. ஆயிரங்கண்ணன் நிற்கும்வரை புதிதாக வருவதும் அடிக்க ஏலாது. ஆனால் புக் ஒஃப் மூன் என்ற தாளைப் போட்டு அவனைக் கவிழ்த்துவிட்டால் விழுங்கினதும் கழன்று கழிவுக்குப் போகும், மற்றவையும் அடிக்கலாம், அவனுக்குத் தடுக்கும் பலம் பூச்சியம்தானே. இதை மகனுக்குச் சொல்லாமல் ஒரு நாள் செய்து பாருங்கள். அப்பாவையும் கூட்டி வாருங்கள், தம்பி அவரைப் பார்க்க வேண்டுமாம்.

தவளை, ஞாயிறு இரண்டு மணிக்கு வீட்டுத் திண்ணையில் ஆடுகிறோம், வவுனியாவில் இருந்து பஸ் ஏறினால் பரந்தன் சந்தியில் இறங்கிப் போன் போடு. எடிசனும் ஆடலாம். ஸ்லீவ் மிச்சம் இருந்தால் கொண்டு வா, எங்களுடையது வேர்வையில் ஒட்டிப்போய்க் கிடக்கிறது. ரைசாவை வீட்டில் வைத்துவிட்டு வந்தால் ரோல்ஸ் தருவோம்.