ஒரே சட்டைக்கு இரண்டு முறை வரி

2021 ஜனவரியில் பிரிட்டனில், சரக்கு அனுப்பும் ஒரு நிறுவனத்தில் சுங்க ஆவணங்கள் தயாரிக்கும் வேலையில் இருந்தேன். ஐரோப்பிய ஒன்றியத்துடனான வர்த்தக ஒப்பந்தம் புத்தாண்டு அன்றுதான் நடைமுறைக்கு வந்திருந்தது. பேச்சு முடிந்ததே டிசம்பர் 24 அன்று. ஆயிரம் பக்கங்களைத் தாண்டிய ஒப்பந்தத்தைப் படிக்க எங்களுக்குக் கிடைத்தது ஒரே வாரம். செய்திகளில் எல்லாம் "சுங்க வரி கிடையாது" என்றார்கள். நானும் வாடிக்கையாளர்களிடம் அதையே சொன்னேன்.

முதல் மாதத்திலேயே ஒருவர் தொலைபேசியில் கொதித்தார். ஐரோப்பிய ஒன்றியத்தில் இருக்கும் அயர்லாந்துக்குப் போன நாற்பது பெட்டி பருத்தி டி-சர்ட்டுகளுக்கு 12 சதவீதம் வரி கேட்கிறார்கள், வரியே இல்லை என்றுதானே சொன்னீர்கள் என்றார். கிடங்கில் மிச்சமிருந்த ஒரு சட்டையை எடுத்துக் கழுத்துப் பட்டியைத் திருப்பிப் பார்த்தேன். 'சீனாவில் தயாரிக்கப்பட்டது.' பிரிட்டனில் இறங்கியபோதே அதற்கு 12 சதவீதம் கட்டியாயிற்று. இங்கே பிரித்து, விலைச்சீட்டு ஒட்டி, மறுபடி பெட்டியில் அடுக்கியதால் அது பிரிட்டன் சட்டையாகிவிடாது. சலுகை இந்த இரு தரப்பிலும் உருவான பொருளுக்கு மட்டும்தான்.

அன்று முதல் எந்த ஒப்பந்தம் வந்தாலும், ஒரு பொருள் எந்த நாட்டில் உருவானதாகக் கணக்கு என்று சொல்லும் 'பிறப்பிட விதி' பகுதியைத்தான் முதலில் திறக்கிறேன். வல்லரசுகளின் உண்மையான எண்ணம் அங்கேதான் தெரிகிறது. அமெரிக்கா, கனடா, மெக்சிகோ இடையிலான வட அமெரிக்க ஒப்பந்தத்தை 2020இல் புதுப்பித்தபோது, வரிச்சலுகை பெற ஒரு காரின் மதிப்பில் 62.5 சதவீதம் அந்த மூன்று நாடுகளில் உருவாக வேண்டும் என்றிருந்ததை 75 சதவீதமாக உயர்த்தினார்கள். ஆசிய உதிரிபாகங்களுக்கு வாசலைக் குறுக்கும் வேலை அது. கிழக்கே நடந்தது நேர்மாறு. 2022இல் நடைமுறைக்கு வந்த, ஆசிய-பசிபிக் நாடுகளின் ஆர்செப் (RCEP) வர்த்தக ஒப்பந்தத்தில் 15 நாடுகளின் மூலப்பொருள்களும் ஒரே கணக்கில் சேரும். ஜப்பானும் சீனாவும் ஒன்றாகக் கையெழுத்திட்ட முதல் தடையற்ற வர்த்தக ஒப்பந்தமும் அதுதான். பகை பேசும் இரு அண்டை நாடுகளை இப்படி ஒரே அட்டவணைக்குள் கொண்டுவந்தது எனக்கு இன்றும் பெரிய விஷயமாகவே தெரிகிறது.

அந்த வாடிக்கையாளர் கோடைக்குள், ஐரோப்பாவுக்கான சரக்கை நேரே நெதர்லாந்தில் இறக்க ஏற்பாடு செய்துகொண்டார். இரட்டை வரி நின்றது. இங்கே அவருடைய கிடங்கில் விலைச்சீட்டு ஒட்டிக்கொண்டிருந்த ஆறு பேருக்கு வேலை போனது.