அவன் நம்பர் இன்னும் மனப்பாடம்

ஓய்வு பெற்றுப் பதினோரு வருடம் ஆகிறது. பென்ஷன் சம்பந்தமாக ஏதாவது பாரம் நிரப்பினால் என் சர்வீஸ் நம்பரையே ஒரு தடவை கார்டைப் பார்த்துச் சரிபார்த்துக்கொள்கிறேன். ஆனால் பட்டாளத்தில் என் ஜோடியாக இருந்தவன் நம்பரை நடுராத்திரியில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அதை இங்கே எழுத மாட்டேன், அது அவன் வீட்டுக்காரர்களுடையது.

எனக்கு வேலூர்ப் பக்கம். எங்கள் பக்கத்தில் கம்மவான்பேட்டை என்று ஓர் ஊர் உண்டு, வீட்டுக்கு வீடு பட்டாளத்துக்காரர்கள் இருப்பதால் ராணுவப்பேட்டை என்றே சொல்வார்கள். அதனால் பட்டாளத்துக்குப் போவது எங்களுக்குப் பெரிய விஷயமாகத் தெரிந்ததில்லை. அவனுக்குத் திருவண்ணாமலைப் பக்கம். யூனிட்டில் எங்களை ஜோடியாகப் போட்டார்கள். இரண்டு இரண்டு பேராகப் பிரித்துவிடுவார்கள், ஒருவன் சாப்பிட்டானா, காலில் கொப்புளம் இருக்கிறதா, வீட்டிலிருந்து வந்த கடிதத்தைப் படித்துவிட்டு முகம் வாடியிருக்கிறானா என்பதெல்லாம் இன்னொருவன் பொறுப்பு. ஊரில் சொந்த அண்ணன் தம்பிக்குள்கூட இவ்வளவு விசாரிப்பு கிடையாது.

2006இல் எங்களுக்கு சியாச்சின். அங்கே 2003 நவம்பரிலேயே துப்பாக்கிச் சத்தம் நின்றுவிட்டது. பனி நிற்கவில்லை. மேலே ஏறும் முன்னால் பேஸ் கேம்ப்பில் ஓ.பி. பாபா கோயில் இருக்கிறது. ஓம் பிரகாஷ் என்ற சிப்பாய், தனி ஆளாக ஒரு போஸ்ட்டைக் காப்பாற்றியவர் என்று சொல்வார்கள். ஏறும்போது அவர் முன்னால் அணிவகுத்து நின்று ரிப்போர்ட் கொடுத்துவிட்டுத்தான் ஏறவேண்டும், இறங்கி வந்ததும் திரும்ப ரிப்போர்ட். இந்து, முஸ்லிம், சீக்கியர், கிறிஸ்தவர் எல்லோரும் கொடுப்போம். கயிற்றில் ஒருவர் பின் ஒருவராகக் கட்டிக்கொண்டு, வெயில் வந்து பனி இளகுவதற்குள் நடப்போம். எனக்கு முன்னால் அவன். ஐந்து மணி நேரம் அவன் முதுகை மட்டும் பார்த்துக்கொண்டு நடந்திருக்கிறேன். அந்த மூட்டையின் வலது பக்க வார் கொஞ்சம் நைந்திருக்கும், அதை நீல நூலால் தைத்திருந்தான்.

மேலே போய் நாற்பது நாள் இருக்கும், அவனுக்கு இருமல் வந்தது. கூடாரத்துக்குள் குளிருக்காக மண்ணெண்ணெய் அடுப்பு, புகாரி என்போம், எரிந்துகொண்டே இருப்பதால் எல்லோருமே கரி கரியாகத்தான் துப்புவோம், அதனால் முதலில் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ராத்திரி அவன் மூச்சில் ஒரு சத்தம் கேட்டது. பானையில் தண்ணீர் கொதிக்க ஆரம்பிக்கும்போது வருமே, அந்த மாதிரி. ஹேப்போ. நுரையீரலில் நீர் கோத்துக்கொள்வது. கீழே இறக்கினால் பிழைப்பார்கள். ஹெலிகாப்டர் வரவேண்டும், வானம் மூடிக்கிடந்தது.

ஹேப்போ பேக் என்று ஒன்று இருக்கிறது. பெரிய பை, ஆளை உள்ளே படுக்கவைத்து ஜிப்பை இழுத்து மூடிவிட்டுக் காலால் பம்ப்பை மிதிக்கவேண்டும். காற்று அழுத்தம் ஏறினால் கீழே இறக்கிய மாதிரி ஒரு பலன் கிடைக்கும். மிதிப்பதை நிறுத்தக்கூடாது. அந்த உயரத்தில் பத்து நிமிடம் மிதித்தாலே மிதிக்கிறவனுக்குக் கண் இருட்டும். முறை போட்டு மிதித்தோம். பீகார்க்காரன் ஒருவன், மணிப்பூர்க்காரன் ஒருவன், எங்கள் மேலதிகாரி (சாப் என்போம்), லங்கரில் சமைக்கிறவர், நான். பையில் முகத்துக்கு நேராகச் சின்னதாக ஒரு ஜன்னல், பிளாஸ்டிக். உள்பக்கம் ஆவி படிந்து படிந்து மறையும், அவனே விரலால் துடைத்துவிட்டு எங்களைப் பார்ப்பான். ஏதோ சொன்னான், கேட்கவில்லை. நான் மிதிப்பதைக் காட்டி விரலை உயர்த்தினேன். அவனும் உயர்த்தினான். இரண்டு ராத்திரி, ஒரு பகல். இரண்டாவது ராத்திரி விடிவதற்கு முன்னால் ஜன்னலைத் துடைப்பது நின்றுபோயிற்று. அது தெரிந்த பிறகும் அந்த மணிப்பூர்ப் பையன் மிதிப்பதை நிறுத்தவில்லை, சாப்தான் வந்து அவன் தோளில் கைவைத்து நிறுத்தினார். காலை பத்து மணிக்கு வானம் திறந்தது.

தமிழ்க்காரன் என்பதால் உடம்போடு என்னை அனுப்பினார்கள். லடாக்கில் தொய்ஸ் விமானத்தளம், டெல்லி, சென்னை, அங்கிருந்து வண்டியில். ஊரில் நடந்ததை நான் விவரிக்கவேண்டியதில்லை, டிவியில் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். துப்பாக்கிகளைத் தலைகீழாகப் பிடித்து நிற்பது, மூன்று முறை சுடுவது, கொடியை மடித்துக் கொடுப்பது.

நான் சொல்லவந்தது அதன் பிறகு. இறந்தவனின் பெட்டியைத் திறந்து, உள்ளே இருப்பதை ஒன்றுவிடாமல் பட்டியல் எழுதி வீட்டுக்கு அனுப்பவேண்டும். கறுப்பு ட்ரங்குப் பெட்டி, மேலே வெள்ளை பெயின்ட்டில் நம்பர், ரேங்க், பெயர். யூனிட்டுக்குத் திரும்பியதும் நான்தான் எடுத்துக் கொடுத்தேன், ஒரு ஹவில்தார் எழுதினார். சட்டை இரண்டு. மணிபர்ஸ் ஒன்று. எலுமிச்சை ஊறுகாய் பாட்டில் ஒன்று, பாதி. கடைசியாக நான்காக மடித்த ஒரு காகிதம். போளூர் நகைக்கடை காலண்டரிலிருந்து கிழித்தது. பின்பக்கம் பென்சிலால் ஒரு குழந்தையின் பாதம், சுற்றிலும் கோடு போட்டு வரைந்தது. லீவில் போனபோது மகளைக் காகிதத்தின் மேல் நிற்கவைத்து அளவு எடுத்திருக்கிறான், ஷூ வாங்க. ஹவில்தார் "இதை என்ன என்று எழுதுவது?" என்றார். அவருக்கும் எனக்கும் கொஞ்ச நேரம் பேச்சு வரவில்லை.

அவருக்குத் தெரிந்தே அந்தக் காகிதத்தை நான் வைத்துக்கொண்டேன். அடுத்த லீவில் திருவண்ணாமலையில் ஒரு கடையில் அதைக் காட்டி ஷூ கேட்டேன். கடைக்காரர் பெரியவர், "எப்ப எடுத்த அளவு? பிள்ளைங்க வளருமே, ஒரு சைஸ் கூட எடுத்துக்கங்க" என்றார். நான் கேட்கவில்லை. அவன் வரைந்த அளவுக்கே வாங்கினேன். போய்ப் போட்டுப் பார்த்தால் குதிகால் நுழையவில்லை. எட்டு மாதம் ஆகியிருந்தது. அவன் சம்சாரம் ஒன்றும் சொல்லாமல் ஷூவைத் துடைத்து, காகிதத்தோடு சேர்த்து அந்தப் பெட்டியில் வைத்தது. மறுவருடம் பெரிய சைஸில் வாங்கிப்போனேன். அதன் பிறகு எல்லா வருடமும். ஒன்பதாவது படிக்கும்போது அவளே போன் செய்து, "சித்தப்பா, இந்தத் தடவை ஷூ வேணாம், செருப்பு, சைஸ் ஆறு" என்றாள். இப்போது நர்ஸிங் முடித்துவிட்டாள்.

* * *

அண்ணா, நான் ராணுவத்தில் இல்லை. ஆனால் என் அண்ணன் இருந்தான். சிக்னல்ஸ். 2010இல் குப்வாரா பக்கம் போனவன் பெட்டியில்தான் வந்தான். நீங்கள் எழுதிய ஜன்னலைப் படித்துவிட்டு ஒரு மணி நேரம் வேலை ஓடவில்லை.

அண்ணன் உடம்போடு வந்தவர் உத்தராகண்டில் பௌரி கட்வால்காரர். தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. எங்கள் அப்பாவுக்கு இந்தி தெரியாது. காரியம் முடிந்து கிளம்பும்போது அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார், அவ்வளவுதான். அதன் பிறகு ஒவ்வொரு தீபாவளிக்கும் போன் வரும். என் கணவர் மும்பையில் வேலை பார்த்தவர், அவர்தான் பேசுவார். 2017இல் என் மகளுக்குக் காதுகுத்து வைத்திருந்தோம். பேச்சுவாக்கில் தேதியைச் சொல்லியிருக்கிறார்.

உங்களுக்குத் தெரியும், காதுகுத்து என்றால் தாய்மாமன் மடி வேண்டும். எனக்குக் கூடப்பிறந்தது அவன் ஒருவன்தான். பெரியப்பா மகனை உட்காரச் சொல்லி முடிவு செய்திருந்தோம். நல்ல மனுஷன், குறை ஒன்றும் இல்லை. ஆனால் அம்மா அந்த வாரம் முழுக்கச் சரியாகச் சாப்பிடவில்லை.

அன்று காலை ஏழு மணிக்குத் தென்காசி பஸ் ஸ்டாண்டிலிருந்து போன் வந்தது. அந்தக் கட்வால்காரர். மூன்று நாள் ரயிலிலும் பஸ்ஸிலும் வந்திருக்கிறார். ஒரு கம்பளிச் சால்வை, அவர்கள் மலையில் விளைந்த ராஜ்மா ஐந்து கிலோ, ஒரு ஜோடி வெள்ளிக் கொலுசு. என் கணவர்தான் மொழிபெயர்த்தார். ராத்திரி காவலில் இருவரும் ஊர்க்கதை பேசிக்கொண்டிருப்பார்களாம். "என் தங்கச்சிக்குக் குழந்தை பிறந்தா, அதை என் மடியில வச்சுத்தான் காது குத்தணும், அதுக்கு மட்டும் எப்படியாவது லீவு வாங்கிடணும்" என்று அண்ணன் சொல்லியிருக்கிறான். எனக்கு அப்போது கல்யாணமே ஆகவில்லை. அவர் அதை ஏழு வருடம் மனதில் வைத்திருந்திருக்கிறார். குழந்தையை மடியில் வைத்துக்கொள்ள நான் வரவில்லை, அந்த இடம் காலியாக இருக்கும் என்பதால் பக்கத்தில் நிற்க வந்தேன் என்றார்.

அப்பா எதுவும் பேசவில்லை. பெரியப்பா மகனைப் பார்த்தார். அவனே எழுந்துவிட்டான். அப்பா தோளில் கிடந்த துண்டை எடுத்து அந்த மனுஷனுக்குத் தலைப்பாகை கட்டி, பலகையில் உட்காரவைத்து, குழந்தையைத் தூக்கி மடியில் வைத்தார். ஆசாரி ஊசியை எடுத்ததும் அவள் வீல் என்று கத்தினாள். அவர் "பஸ் பேட்டா, பஸ் பேட்டா" என்கிறார், போதும்மா போதும்மா என்று இந்தியில், அவளுக்கு என்ன புரியும். அவர் கட்டைவிரலைப் பிடித்துக் கடித்துவிட்டாள். அம்மா சிரித்தாள். ஏழு வருடத்துக்குப் பிறகு அப்படிச் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

அவரை என் மகள் மாமா என்றுதான் கூப்பிடுகிறாள். தமிழில் அவருக்குத் தெரிந்த ஒரே வார்த்தையும் அதுதான்.

* * *

இரண்டையும் படித்தேன். நான் சொல்வது சின்ன விஷயம். அருணாசலில் தவாங் போகும் வழியில் சேலா கணவாயைத் தாண்டினால் ஜஸ்வந்த் கட் வரும். 1962 நவம்பரில் நூராநாங்கில் நடந்த சண்டையில் இறந்த ரைபிள்மேன் ஜஸ்வந்த் சிங் ராவத்தின் நினைவிடம். கட்வால் ரைபிள்ஸ் நான்காவது பட்டாலியன், மகாவீர் சக்ரா விருது பெற்றவர். அவருக்கு ஒரு அறை இருக்கிறது, கட்டில் விரித்திருக்கிறது, யூனிபார்ம் இருக்கிறது. அங்கே இருக்கும் சிப்பாய்கள் காலையில் அவருக்கு டீ வைக்கிறார்கள். ரோட்டில் போகிற எவர் நின்றாலும் டீ கொடுக்கிறார்கள், காசு வாங்குவதில்லை.

எனக்கு டீ ஊற்றிய பையனுக்கு இருபத்திரண்டு வயது இருக்கலாம். ஜஸ்வந்த் சிங் இறந்தபோது அவருக்கும் கிட்டத்தட்ட அந்த வயதுதான். "நீங்கள் அவரைப் பார்த்ததே இல்லை, பிறகு எப்படி" என்று என் அரைகுறை இந்தியில் கேட்டேன். அவனுக்குக் கேள்வி புரியவில்லை. இந்தி புரியாமல் இல்லை, இதில் கேட்க என்ன இருக்கிறது என்பது புரியவில்லை. "சாப் இங்கேதானே இருக்கிறார்" என்றான். நான் டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு வந்தேன்.

* * *

தங்கச்சி, உன் அப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லு. அந்தக் கட்வால்காரரிடம் என் நம்பரைக் கொடு, வேலூர்ப் பக்கம் வந்தால் என் வீட்டில்தான் தங்கவேண்டும். தவாங் போய்வந்த தம்பிக்கும் நன்றி.

இன்னும் ஒன்று சொல்லிவிடுகிறேன். 2016 பிப்ரவரி 3ஆம் தேதி சியாச்சினில் சோனம் போஸ்ட் மேல் பனிச்சரிவு விழுந்தது நினைவிருக்கும். 19,600 அடி. மெட்ராஸ் ரெஜிமென்ட் 19ஆவது பட்டாலியனின் பத்துப் பேர். அப்போது நான் ஓய்வு பெற்று வீட்டில் இருக்கிறேன், டிவி முன்னாலிருந்து எழுந்திருக்கவில்லை. யாரும் உயிரோடு இருக்க வாய்ப்பில்லை என்று சொல்லிவிட்டார்கள். ஆனாலும் தோண்டினார்கள். ஐஸ் காங்கிரீட் மாதிரி இறுகிவிடும், மெஷின் வைத்து அறுத்துத்தான் எடுக்கவேண்டும். ஆறாவது நாள் லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பா கொப்பட் மூச்சோடு கிடைத்தார். மூன்று நாளில் டெல்லியில் போய்விட்டார், அது வேறு. வாய்ப்பில்லை என்று தெரிந்தும் ஏன் தோண்டினார்கள் என்று என் மகன் கேட்டான். அந்த மணிப்பூர்ப் பையன் ஏன் மிதித்தான், அதனால்தான் என்றேன்.

அப்புறம் 2022 ஆகஸ்ட். குமாவுன் ரெஜிமென்ட் 19ஆவது பட்டாலியன் லான்ஸ் நாயக் சந்திரசேகர் ஹர்போலா, 1984 மே மாதம் பனிச்சரிவில் போனவர், 38 வருடம் கழித்துக் கிடைத்தார். கழுத்துத் தகட்டில் இருந்த நம்பரை வைத்துத்தான் அடையாளம் கண்டார்கள். ஹல்த்வானிக்குக் கொண்டுபோய் முழு மரியாதையோடு எரித்தார்கள். அந்தச் செய்தியைப் படித்த மறுநாளே நான் பஸ் ஏறி என் கூட்டாளியின் ஊருக்குப் போனேன். ஒரு காரணமும் இல்லை, போகவேண்டும் போல இருந்தது.

பெட்டி கூடத்தில், சாமி படத்துக்குக் கீழே. பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போதெல்லாம் அவன் அம்மா பெட்டி எழுத்துக்கும் ஒரு பூச்சு போட்டுவிடுமாம். அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, பழைய கோட்டின் மேலேயே பிரஷை இழுத்துவிடும். பதினாறு வருடத்தில் கோடு நகர்ந்து நகர்ந்து, நம்பரில் ஒரு 7 இருந்த இடத்தில் 1 மாதிரி ஏதோ நின்றது. நான் பார்த்ததைப் பார்த்துவிட்டு, "தப்பா இருக்கா சாமி?" என்றது. இல்லம்மா, கொஞ்சம் மங்கியிருக்கு என்றேன்.

பக்கத்துக் கடையில் கால் லிட்டர் வெள்ளை பெயின்ட்டும் ஒரு சின்ன பிரஷும் வாங்கி வந்தேன். அம்மா திண்ணையில் உட்கார்ந்துகொண்டது. நான் தரையில் உட்கார்ந்து முதல் எண்ணிலிருந்து எழுதினேன். காயும் வரை இருந்து சாப்பிட்டுவிட்டுத்தான் போகவேண்டும் என்றது. இருந்தேன்.