லு ஆவ்ர் துறைமுகத்தின் மூடுபனியை ஏற்காட்டிலிருந்து எழுதுவது எப்படி?

ஏற்காட்டு வாசகி – கேள்வி

அனைவருக்கும் வணக்கம். ஓவியர் கிளாட் மோனே, பிரான்சின் லு ஆவ்ர் துறைமுகத்தைப் பார்த்து 'இம்ப்ரெஷன் (மனப்பதிவு), சூரியோதயம்' ஓவியத்தைத் தீட்டிய காலைப் பொழுதைக் கற்பனை செய்து ஒரு வரலாற்றுச் சிறுகதை எழுதி வருகிறேன். ஓவியத்தை அச்சிலும் திரையிலும் மட்டுமே பார்த்திருக்கிறேன். பாரிஸில் மார்மொத்தான் மோனே அருங்காட்சியகத்தில் அதன் எதிரே நிற்கும் வாய்ப்பு இதுவரை அமையவில்லை. ஆனால் மூடுபனி எனக்குப் புதிதல்ல. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் எங்கள் ஊரில் மேகம் இறங்கிவிட்டால் வாசலில் நிற்கும் சில்வர் ஓக் மரம்கூடக் கண்ணுக்குத் தெரியாது. கொடியில் போட்ட துணி மூன்று நாள் ஆனாலும் காயாது. அந்தப் பழக்கத்தை நம்பித்தான் கதையைத் தொடங்கினேன்.

தொடக்கக் காட்சியில் மோனே துறைமுகக் கரையில் நிற்கிறார். விரல்கள் விறைத்திருக்கின்றன, தாடியில் பனித்துளி கோத்து நிற்கிறது, பனியைக் கிழித்துக்கொண்டு சூரியன் தகதகவென்று எழுகிறான். இதைப் படித்த சேலத்துத் தோழி, "இது காபித் தோட்டத்துப் பனியாக இருக்கிறதே, துறைமுகம் எங்கே?" என்று கேட்டார். அவர் சொன்னது சரி என்று உடனே தெரிந்துவிட்டது. எங்கே பிழை செய்தேன் என்பதுதான் பல நாளாகியும் பிடிபடவில்லை. இன்னொரு தயக்கமும் உண்டு. கதையின் கடைசிப் பக்கத்தில், இந்தச் சிறிய படம் 'இம்ப்ரெஷனிசம்' என்ற ஓவிய இயக்கத்துக்கே பெயராகப் போகிறது என்று மோனே உள்ளூர உணர்வதாக எழுதியிருக்கிறேன். அப்படி எழுதுவது முறைதானா? அறிந்தவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

செவ்வாய்ப்பேட்டை ஓவிய ஆசிரியர்

வணக்கம் அம்மா. உங்கள் தோழியின் காது கூர்மையானது. பிழை பனியில் இல்லை, நீங்கள் மோனேயை நிறுத்தியிருக்கும் இடத்தில் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. அந்தப் படத்தைத் தம் சன்னலிலிருந்து பார்த்துத் தீட்டியதாக மோனேயே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். துறைமுகத்தை நோக்கிய ஒரு விடுதியின் மாடி அறை அது. எனவே அவர் பனிக்குள் நிற்கவில்லை. சற்று உயரத்திலிருந்து, தண்ணீருக்கு இந்தப்புறமாக இருந்து பனியைப் பார்க்கிறார். ஏற்காட்டில் இருப்பவர்கள் எப்போதும் பனிக்குள்ளேயே வாழ்கிறீர்கள். ஆகையால் உங்கள் கதையில் பனி தோலில் படுகிறது, துணியை நனைக்கிறது. படத்திலோ அது முழுக்க முழுக்கக் கண்ணுக்கு மட்டும் உரிய பொருளாக இருக்கிறது.

இரண்டாவது, அந்த மூட்டம் வெறும் பனி அன்று. படத்தின் இடப்பக்கத்தில் நீல நிழல்களாக எழுபவை புகைபோக்கிகள். வலப்பக்கத்தில் பாரந்தூக்கிகளும் கப்பல் பாய்மரங்களும் இருக்கின்றன. நிலக்கரி எரிந்த நூற்றாண்டு அது. பனியும் புகையும் கலந்தால் வெண்மை போய், நீலமும் சாம்பலும் ஊதாவும் சேர்ந்த ஒரு திரை உண்டாகும். அந்தத் திரைக்குப் பின்னால்தான் செம்மஞ்சள் வட்டமாகச் சூரியன் தெரியும். ஆகவே உங்கள் வீட்டு வாசலில் பார்த்த பனியை விட்டுவிடுங்கள். மழை விட்ட ஒரு விடியற்காலையில் பகோடா முனைக்குப் போய், கீழே சமவெளியின் மேல் அடுப்புப் புகையும் வண்டிப் புகையும் பனியோடு படிந்து கிடப்பதை மேலிருந்து பாருங்கள். நீங்கள் தேடும் துறைமுகத்துக்கு மிக அருகில் உள்ள காட்சி நம் மாவட்டத்தில் அதுதான்.

ஒரு சோதனையும் செய்து பாருங்கள். கைப்பேசியில் அந்த ஓவியத்தைத் திறந்து கறுப்பு வெள்ளையாக மாற்றினால், சூரியன் ஏறக்குறைய மறைந்துவிடும். சுற்றியுள்ள மேகத்தின் ஒளிர்வும் சூரியனின் ஒளிர்வும் அநேகமாக ஒன்றே. வேறுபாடு நிறத்தில் மட்டுமே இருக்கிறது. நம் பார்வையில் ஒளியின் அளவை உணரும் பகுதிக்கு அங்கே சூரியனே இல்லை, நிறத்தை உணரும் பகுதிக்கு மட்டும் இருக்கிறது; அந்த வட்டம் ஓரிடத்தில் நிலைக்காமல் துடிப்பதுபோலத் தோன்றுவதற்கு இதையே காரணமாகச் சொல்கிறார்கள். என் மாணவர்கள் சூரியனை வரையும்போது வெள்ளையைக் கலந்து கலந்து பிரகாசமாக்கப் பார்ப்பார்கள். மோனே அதைச் செய்யவில்லை. அவர் அந்த ஆசையை அடக்கிய அந்த ஒரு நொடியைத்தான் நான் உங்கள் கதையில் படிக்க விரும்புகிறேன்.

ஆத்தூர் ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்

சகோதரிக்கு வணக்கம். உங்கள் இரண்டாவது தயக்கத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். கடைசிப் பக்கத்தை எடுத்துவிடுவதே நல்லது.

படத்தில் மோனே தம் கையெழுத்துக்கு அருகே '72' என்று எழுதியிருக்கிறார். அப்போது 'இம்ப்ரெஷனிசம்' என்ற சொல் எந்த இயக்கத்துக்கும் பெயராக இல்லை. 1874 ஏப்ரலில், நாதார் என்ற புகைப்படக் கலைஞரின் பழைய நிலையத்தில் சுமார் 30 ஓவியர்கள் சேர்ந்து கண்காட்சி வைத்தபோது, அட்டவணையில் இடுவதற்குத் தலைப்புக் கேட்டார்கள். இதை லு ஆவ்ரின் காட்சி என்று சொல்ல இயலாது என்பதால் 'இம்ப்ரெஷன்' என்று போடச் சொன்னதாக மோனே பின்னாளில் நினைவுகூர்ந்தார். அதே மாதம் 25-ஆம் தேதி லூயி லெருவா என்ற விமர்சகர் 'லு ஷரிவரி' இதழில் அந்தச் சொல்லை வைத்தே ஓவியர்களை ஏளனம் செய்ய, ஏளனச் சொல்லே பெயராக நிலைத்தது. பிறகும் படத்துக்கு உடனே மதிப்பு வந்துவிடவில்லை. 800 பிராங்குக்கு அதை வாங்கிய ஓவியச் சேகரிப்பாளர் ஹொஷெதே நொடித்துப்போனபின், 1878-இல் நடந்த ஏலத்தில் அது 210 பிராங்குக்குத்தான் போயிற்று. அதுவும் சூரிய அஸ்தமனம் என்ற தலைப்பில்! இத்தனையும் அந்தச் சன்னலுக்கு வெளியே, பின்னால் வரப்போகிற காலத்தில் இருப்பவை. சன்னலுக்கு உள்ளே இருக்கும் மனிதருக்கு அவற்றில் ஒன்றுகூடத் தெரியக் கூடாது.

அவருக்குத் தெரிந்தவற்றை எழுதுங்கள், அவையே ஏராளம். பாரிஸில் பிறந்தாலும் அவர் வளர்ந்தது லு ஆவ்ரில்தான். பூதேன் என்னும் மூத்த ஓவியர் அவரைத் திறந்த வெளியில் வரையப் பழக்கியதும் அந்தக் கடற்கரைப் பகுதியில்தான். 1870-இல் ஜெர்மானிய அரசான பிரஷ்யாவோடு பிரான்சுக்குப் போர் மூண்டபோது லண்டனுக்குப் போனார். பிறகு ஹாலந்து வழியாக 1871 இறுதியில் நாடு திரும்பினார். தோற்றுப்போன நாட்டில், தாம் சிறுவனாகச் சுற்றிய துறைமுகத்தில், பாரந்தூக்கிகள் வேலை செய்வதைச் சன்னல் வழியாகப் பார்க்கும் 30 வயது கடந்த ஒருவரின் மனத்தில் என்ன ஓடும் என்பதைக் கற்பனை செய்ய உங்களுக்கு முழு உரிமை உண்டு.

சூரமங்கலம் வாசகர்

பெரியவரின் கருத்தை ஏற்கிறேன். கூடவே ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். வானியல் அறிஞர் டொனால்ட் ஓல்சன், சூரியன் எழும் திசை, கப்பல்கள் துறைமுகத்துக்குள் வந்துபோகத் தேவையான கடலேற்றம் (கடல்மட்டம் உயரும் நேரம்), அக்கால வானிலைக் குறிப்புகள் ஆகியவற்றை ஒப்பிட்டு, படத்தில் உள்ள காட்சி 1872 நவம்பர் 13 காலை சுமார் 7.35 மணிக்கு உரியது என்று கணித்திருக்கிறார். மோனே பிறந்தது 1840 நவம்பர் 14. அதாவது 32-ஆம் பிறந்தநாளுக்கு முந்தைய காலை! கதை எழுதுபவருக்கு இதைவிட என்ன வேண்டும்?

ஆத்தூர் ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்

தம்பி, கணிப்பு அழகானதுதான். ஆனால் அது ஒருவரின் கணக்கு; மோனே கைப்பட எழுதிய தேதி அன்று. கதையின் முழுப் பாரத்தையும் பிறந்தநாளின் மேல் தொங்கவிட்டால், நாளை வேறொருவர் வேறு கணக்குப் போடும்போது கதை ஆடிப்போகும். ஐப்பசி, கார்த்திகைக் காலை என்று நம் வாசகர்கள் உணரும்படி எழுதினாலே போதும். நான் எடுத்துக்கொள்வது அவர் சொன்ன கடலேற்றத்தைத்தான்: நீர் ஏறியிருக்கும் சில மணி நேரத்துக்குள் கப்பல்கள் நகர்ந்தாக வேண்டும், ஆகவே ஓவியருக்கும் அவகாசம் இல்லை. கதைக்கு வேண்டிய விரைவை அதுவே கொடுக்கும்.

ஏற்காட்டு வாசகி

மூவருக்கும் என் மனமார்ந்த நன்றி. நேற்று விடியுமுன் பகோடா முனைக்குப் போயிருந்தேன். இருபது ஆண்டுகளாக இங்கே வசித்தும், பனியை வெளியிலிருந்து அத்தனை நேரம் பார்த்தது இதுவே முதல் முறை. ஆசிரியர் சொன்னபடியே கீழே கிடந்தது வெள்ளை அன்று. ஈரச் சாம்பலின் நிறம். சூரியனை வெறும் கண்ணால் பார்க்க முடிந்தது, சிறிதும் கூசவில்லை. கடைசிப் பக்கத்தை நீக்கிவிட்டேன். தொடக்கத்தை இப்படி மாற்றியிருக்கிறேன்:

"சன்னல் திறந்திருந்தது. கீழே மூன்று படகுகள் ஒன்றன்பின் ஒன்றாக விலகிப் போய்க்கொண்டிருந்தன. கடைசிப் படகு ஏற்கெனவே பாதிப் புகையாகிவிட்டது. அவர் தூரிகையில் செம்மஞ்சளை எடுத்தார். பக்கத்தில் இருந்த வெள்ளையை ஒருமுறை பார்த்தார், தொடவில்லை. ஒரே அழுத்தில் வட்டத்தை வைத்தார். தண்ணீரில் அதன் ஒளிரும் பிம்பம் விழுந்தது."

செவ்வாய்ப்பேட்டை ஓவிய ஆசிரியர்

இப்போது துறைமுகம் வந்துவிட்டது அம்மா. 'ஒளிரும்' என்ற சொல்லை மட்டும் அடித்துவிடுங்கள். பிம்பம் தானாகவே விழவும் இல்லை. நீல நிறம் காயும் முன்பே அவர் குறுக்குக் கோடுகளாக இழுத்து வைத்தது அது.