டிஏசி மாட்டிய அனுபவங்கள்: மதுரைப் பக்கத்தில் இருந்து

எஸ்.எஸ். காலனி, மதுரை

எல்லோருக்கும் வணக்கம். எந்த டிஏசி (டிஜிட்டல் பாட்டை ஸ்பீக்கர் பக்கம் போகும் மின் சைகையாக மாற்றும் பெட்டி) வாங்கலாம் என்று யாராவது கேட்டால் உடனே மாடல் பெயரைச் சொல்லிவிடுகிறோம். வாங்கி வந்து மாட்டிய பிறகு என்ன நடக்கிறது என்று யாரும் பேசுவதில்லை. எனக்கு அதிலேயே மூன்று வாரம் போனது. அதனால் விவரமாக எழுதுகிறேன். உங்களுக்கு நடந்ததையும் சொல்லுங்கள்.

என்னிடம் இருப்பது அப்பா காலத்து ஸ்டீரியோ ஆம்ப் (சத்தத்தைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபையர்), 8 இஞ்ச் ஊஃபர் வைத்த இரண்டு ஸ்பீக்கர். லேப்டாப்பின் ஹெட்போன் ஓட்டையில் இருந்து ஒயர் இழுத்துத்தான் இத்தனை நாளும் கேட்டு வந்தேன். மவுஸை நகர்த்தினால் ஸ்பீக்கரில் 'கிர்ர்' என்று கேட்கும். மற்ற பாட்டுக்குப் பரவாயில்லை. மதுரை மணி ஐயர் கச்சேரியில் பாட்டு அடங்கி, சுருதி மட்டும் நிற்கிற ஒரு நொடியில் அந்தக் கிர்ர் வந்து விழுந்தால் மனசே விட்டுப் போகும். அதற்காகத்தான் டிஏசி வாங்கினேன். பத்தாயிரத்துக்குள். முன்னால் ஒரு பட்டன், பின்னால் யுஎஸ்பி ஒன்று, ஆர்சிஏ (ஆம்ப்புக்கு ஒயர் போகும் வட்ட ஓட்டை) இரண்டு, அவ்வளவுதான்.

மாட்டினேன். கிர்ர் சுத்தமாகப் போய்விட்டது. ஆனால் அது இருந்த இடத்தில் 'உம்ம்ம்' என்று ஒரு இரைச்சல் வந்து உட்கார்ந்துகொண்டது. வால்யூமைக் கூட்டக் கூட்ட அதுவும் கூடியது. ஆர்சிஏ ஒயரை மாற்றினேன். டவுன்ஹால் ரோட்டில் போய் விலை கூடிய ஒயர் வாங்கி வந்தேன். யுஎஸ்பி ஒயரையும் மாற்றினேன். உம்ம்ம் அப்படியே இருந்தது. டிஏசியே பழுது என்று முடிவு கட்டித் திருப்பி அனுப்பப் பெட்டியில் வைத்துவிட்டேன்.

எங்கள் தெருமுனையில் ஒரு அண்ணன் இருக்கிறார். கோயில் திருவிழாக்களுக்கு சவுண்ட் சர்வீஸ் போடுகிறவர். பேச்சுவாக்கில் அவரிடம் சொன்னேன். சாயங்காலம் வீட்டுக்கே வந்துவிட்டார். ஆம்ப்பைப் பார்க்கவில்லை, டிஏசியையும் பார்க்கவில்லை. நேராகச் சுவரைப் பார்த்தார்.

"தம்பி, லேப்டாப் சார்ஜரைப் பிடுங்குங்க."

பிடுங்கினேன். உம்ம்ம் நின்றது.

"இப்பச் செருகுங்க."

செருகினேன். வந்தது.

விஷயம் இதுதான். ஆம்ப்புக்கு மூன்று பின், அதில் எர்த் உண்டு. சார்ஜருக்கும் மூன்று பின். ஆம்ப் ஹாலில் ஒரு பிளக்கில், சார்ஜர் அடுத்த ரூமில் இருந்து இழுத்த எக்ஸ்டென்ஷனில். இரண்டு எர்த்தும் சுவருக்குள் ஒரு வழியாகச் சேர்கின்றன. யுஎஸ்பி, டிஏசி, ஆர்சிஏ வழியாக இன்னொரு முறையும் சேர்கின்றன. அப்படி ஒரு வளையம் உண்டானால், 50 ஹெர்ட்ஸ் கரண்டில் இருந்து துளி அளவு ஆர்சிஏ ஒயரின் மேல் பின்னல் வழியாக ஓடும். அதை ஆம்ப் பாட்டு என்று நினைத்துப் பெருக்கிக் கொடுக்கிறது. கிரவுண்ட் லூப் என்பது இதைத்தான். டிஏசியில் ஒரு குறையும் இல்லை.

எர்த் பின்னை வெட்டிவிட்டால் சரியாகிவிடும் என்று நண்பர் ஒருவர் சொல்லியிருந்தார். அண்ணனிடம் கேட்டதும் அவர் முகம் மாறிவிட்டது. "அதை மட்டும் செய்யாதீங்க தம்பி. உள்ள ஒரு ஒயர் உருகி பாடியில பட்டுச்சுன்னா, எர்த் இருந்தா பீஸ் போகும். இல்லைன்னா தொடுற ஆளு போயிருவான்." ஈரத் தரையில் நின்று வேலை பார்க்கிற மனிதர் சொல்வது. தயவுசெய்து யாரும் பின்னை வெட்டாதீர்கள்.

ஆம்ப், சார்ஜர் இரண்டையும் ஒரே ஜங்ஷன் பாக்ஸில் செருகியதும் இரைச்சல் பாதிக்கு மேல் குறைந்தது. மீதிக்கு அவரே ஆர்சிஏ நடுவில் போடும் சின்ன ஐசலேட்டர் ஒன்று கொடுத்தார், இரண்டு பக்க எர்த்தையும் சேர விடாமல் பிரித்து வைப்பது. உள்ளே இருப்பது குட்டி டிரான்ஸ்ஃபார்மர். இரைச்சல் முழுக்கப் போனது. ஆனால் மிருதங்கத்தில் தொப்பியின் (இடது பக்கம்) கனமும் போனது. 'தொம்' என்று வயிற்றில் இறங்க வேண்டியது 'டொப்' என்று மேலோடு நின்றுவிட்டது. மலிவான டிரான்ஸ்ஃபார்மர் கீழ்ச் சத்தத்தைத் தாங்காது. கழற்றிவிட்டேன்.

கடைசியில் யுஎஸ்பி பக்கத்தில் ஐசலேட்டர் போட்டேன். இதிலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். விலை குறைந்தவை பெரும்பாலும் 12 எம்பிபிஎஸ் வேகத்தில்தான் ஓடும். பாட்டு ஃபைலின் நுணுக்கத்தைச் சொல்லும் எண்களில் 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் வரை அதில் போகும், 192 போகாது. சில டிஏசிகள் அந்த வேகத்தில் பேசவே பேசாது. கடைக்காரரிடம் மாற்றித் தர முடியுமா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். என்னுடையது வேலை செய்கிறது. என்னிடம் இருப்பவை சிடியில் இருந்து எடுத்த ஃபைல்கள். 16 பிட், 44.1. எனக்கு அதுவே தாராளம். மணி ஐயர் மறைந்தது 1968இல். அவர் கச்சேரிகள் டேப்பில் கிடைத்தவை. அவற்றை 192இல் போட்டுக் கொடுத்தால் டேப் இரைச்சல்தான் துல்லியமாகக் கேட்கும்.

திருமங்கலம்

அண்ணே, சார்ஜர் கதையைப் படித்ததும் என் வீட்டு செட்டாப் பாக்ஸ் ஞாபகம் வந்தது. அதற்கு முன்னால் எனக்கு நடந்த வேறொன்று.

அப்பாவுக்கு 74 வயது. டிவியில் யூடியூப் போட்டு நாதஸ்வரம் கேட்பார். மெலிதான டிவி, உள்ளே இருக்கும் ஸ்பீக்கர் கைப்பேசி மாதிரிதான். தவில் தகரத்தைத் தட்டுவது போல இருக்கும். வீட்டில் சும்மா கிடந்த ஆம்ப்பில் கொடுக்கலாம் என்று, டிவியின் ஆப்டிகலை (சத்தத்தை வெளிச்சமாக அனுப்பும் ஓட்டை) ஆர்சிஏ ஆக்கித் தரும் சின்ன டிஏசி பெட்டியை வாங்கினேன். ஆயிரம் ரூபாய்கூட இல்லை.

மாட்டினால் ஒரு சத்தமும் இல்லை. ஆப்டிகல் ஒயரைக் கழற்றிப் பார்த்தால் முனையில் கண்ணாடி மாதிரி ஒரு குட்டி மூடி. தூசி படாமல் இருக்க வரும் பிளாஸ்டிக் மூடியைக் கழற்றாமலே அழுத்திச் செருகியிருக்கிறேன். நிறம் இல்லாத மூடி என்பதால் கண்ணுக்கே தெரியவில்லை. டிவி பக்கம் செருகி, மறுமுனையை உள்ளங்கைக்கு நேராகப் பிடித்தேன். சிவப்பு வெளிச்சம் புள்ளியாக விழுந்தது. சரி, ஒயர் நன்றாக இருக்கிறது.

டிஏசியில் செருகினேன். இப்போது விட்டு விட்டு 'டப் டப்' என்று சத்தம். பாட்டு இல்லை. டிவியின் சவுண்ட் செட்டிங்கில் டிஜிட்டல் அவுட்புட் 'ஆட்டோ' என்று இருந்தது. அப்படி இருந்தால் டிவி சில நேரம் டால்பி முறையில் சுருக்கியே அனுப்பிவிடும். இந்தச் சின்னப் பெட்டிகளுக்கு அதைப் பிரிக்கத் தெரியாது. அதை 'பிசிஎம்' (சுருக்காமல் அனுப்புவது) என்று மாற்றியதும் நாதஸ்வரம் வந்தது. அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். அவருக்குப் பிடித்த கல்யாணி. முடிகிற வரை ஒரு வார்த்தை பேசவில்லை. பிறகு, "இது இவ்வளவு நாளா எங்க இருந்துச்சு?" என்றார்.

இனி செட்டாப் பாக்ஸ். அதன் ஆர்சிஏவையும் ஆம்ப்பில் கொடுத்த அன்று உங்கள் வீட்டு உம்ம்ம் எங்கள் வீட்டுக்கும் வந்துவிட்டது. கேபிள் டிவி ஒயரைப் பின்னால் கழற்றினால் நிற்கும். அந்த ஒயர் தெருக் கம்பத்தில் இருந்து வருகிறது, அதன் எர்த் வேறு எங்கோ. அந்த ஆர்சிஏவை எடுத்துவிட்டேன். செட்டாப் பாக்ஸ் சத்தமும் இப்போது எச்டிஎம்ஐ வழியாக டிவிக்குப் போய், அங்கிருந்து ஆப்டிகலில்தான் ஆம்ப்புக்கு வருகிறது. ஆப்டிகலில் போவது வெறும் வெளிச்சம், செம்பு கிடையாது. எர்த் வளையம் அங்கேயே அறுந்துவிடும். டிவிக்கு எடுப்பவர்கள் ஆப்டிகல் உள்ள டிஏசியாகப் பார்த்து வாங்குங்கள் என்பது என் கருத்து.

சிம்மக்கல்

சுருக்கமாகச் சொல்கிறேன். ஆம்ப்பின் பின்னால் காலியாக இருந்த ஓட்டையில் டிஏசியைக் குத்தினேன். பாட்டு அலறியது, கிழிந்தது, பேஸ் மட்டும் மலை போல வந்தது. அந்த ஓட்டை ஃபோனோ, இசைத்தட்டு பிளேயருக்கானது. இசைத்தட்டு முள்ளில் இருந்து வருவது சுமார் 5 மில்லிவோல்ட். டிஏசி கொடுப்பது 2 வோல்ட், அதாவது 400 மடங்கு. போதாததற்கு ஃபோனோ உள்ளே பேஸைத் தூக்கியும் விடும். ஆக்ஸ், டியூனர், சிடி, டேப் பிளே, இவற்றில் எதில் வேண்டுமானாலும் கொடுக்கலாம். ஃபோனோ மட்டும் வேண்டாம். ஸ்பீக்கர் தப்பியது என் அதிர்ஷ்டம்.

உசிலம்பட்டி

எங்கள் பக்கம் கரண்ட் போனால் இன்வெர்ட்டர்தான். வீட்டில் இருந்தது பழைய ஸ்கொயர் வேவ், கரண்டைச் சீரான அலையாகத் தராத வகை. கரண்ட் இருக்கும்போது செட் அமைதி. இன்வெர்ட்டருக்கு மாறியதும் ஆம்ப் டிரான்ஸ்ஃபார்மர் உறும ஆரம்பிக்கும், ஸ்பீக்கரிலும் 'ஜ்ஜ்ஜ்' என்று வரும். இதை டிஏசி மாற்றித் தீர்க்க முடியாது. ஆறு மாதம் காசு சேர்த்து சைன் வேவ் இன்வெர்ட்டர் வாங்கினேன். இப்போது கரண்ட் போனதே தெரியாமல் பாட்டு ஓடுகிறது. டிஏசிக்குக் கொடுத்ததைவிட இதற்குக் கொடுத்த காசுதான் எனக்கு நிறைவு தந்தது.

கைப்பேசியில் டிஏசி மாட்டுகிறவர்களுக்கு ஒன்று. ஆண்ட்ராய்டு எல்லாப் பாட்டையும் தானே கலந்து, பெரும்பாலும் 48 கிலோஹெர்ட்ஸ் ஆக்கித்தான் அனுப்பும். 44.1 ஃபைல் அப்படியே போக வேண்டும் என்றால், டிஏசியிடம் நேரடியாகப் பேசும் பிளேயர் ஆப் வேண்டும். யுஎஸ்பி ஆடியோ பிளேயர் ப்ரோ அப்படிப்பட்டது, காசு கொடுத்து வாங்க வேண்டும். ஆனால் காதுக்குப் பெரிய வித்தியாசம் தெரிகிறதா என்றால், எனக்குத் தெரியவில்லை.

மேலூர்

கல்லூரி முடித்து இப்போதுதான் வேலைக்குப் போகிறேன். பழைய ஆம்ப் ஒன்று கிடைத்திருக்கிறது. டிஏசிக்குள் இருக்கும் சிப்பில் ஈஎஸ்எஸ் கம்பெனியுடையது நல்லதா, ஏகேஎம் கம்பெனியுடையது நல்லதா என்று குழப்பமாக இருக்கிறது அண்ணா. எட்டாயிரம் வரை செலவழிக்க முடியும்.

எஸ்.எஸ். காலனி, மதுரை

தம்பி, நானும் அந்தக் குழப்பத்தில் நிறைய ராத்திரி தூங்காமல் இருந்திருக்கிறேன். 2020 அக்டோபரில் ஜப்பானில் நொபெயோகாவில் இருந்த ஏகேஎம் தொழிற்சாலை தீப்பிடித்தது. சிப் கிடைக்காமல், சில கம்பெனிகள் அதே மாடலில் ஈஎஸ்எஸ் சிப்பைப் போட்டு விற்றார்கள். ஃபீயோ கே5 ப்ரோ என்ற டிஏசி அப்படி மாறிய ஒன்று. பெட்டி அதே பெட்டிதான். சிப்பைச் சுற்றி இருக்கும் பவர் சப்ளை, கடைசியில் சைகையைப் பெருக்கும் ஆப்-ஆம்ப் எல்லாம் சேர்ந்துதான் சத்தம்.

போன மாதம் அண்ணா நகர் நண்பர் ஒருவர் தன் டிஏசியைக் கொடுத்துவிட்டுப் போனார். என்னுடையதைப் போல ஆறு மடங்கு விலை. மாட்டினதும் ஆகா என்று இருந்தது. வீணை நரம்பு பக்கத்தில் வந்து நின்றது. நானும் வாங்கிவிட வேண்டும் என்று முடிவே செய்துவிட்டேன். பிறகு மல்டிமீட்டரை எடுத்து, 200 ஹெர்ட்ஸ் டோன் ஓட விட்டு, இரண்டின் ஆர்சிஏவிலும் வோல்ட் பார்த்தேன். டோன் 200இல் இருப்பது நல்லது. சாதாரண மீட்டர்கள் ஆயிரம் ஹெர்ட்ஸில் சரியாகக் காட்டாது. என்னுடையது 2.0 வோல்ட், அவருடையது 2.4. ஒன்றரை டெசிபல் தூக்கல். கொஞ்சம் சத்தம் கூடினால் காது அதையே தெளிவு என்று எடுத்துக்கொள்ளும்.

அவருடையதில் வால்யூமைக் குறைத்து இரண்டையும் 2.0க்குக் கொண்டுவந்தேன். வீட்டுக்காரம்மா ஆம்ப்பில் ஆக்ஸ், டியூனர் என்று மாற்றி மாற்றி வைக்க, நான் முதுகைக் காட்டி உட்கார்ந்து, ஓடுவது எந்த டிஏசி என்று இருபது முறை சொன்னேன். பதினொன்று சரி, ஒன்பது தப்பு. காசைச் சுண்டியிருந்தாலும் அந்த அளவுக்கு வந்திருக்கும். மறுநாளே நண்பரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அந்தக் காசுக்கு ஸ்பீக்கர் ஊஃபரின் ஓரம் நைந்துபோனதை மாற்றப் போகிறேன். அதில் வரும் வித்தியாசத்துக்குப் பரீட்சை வைக்க வேண்டியதில்லை.

எட்டாயிரத்துக்குள்ளேயே சுத்தமாகப் பாடுகிற டிஏசி இப்போது கிடைக்கிறது. ஆனால் எதில் இருந்து கேட்கப் போகிறீர்கள் என்று நீங்கள் சொல்லவில்லை. லேப்டாப்பா, டிவியா, கைப்பேசியா? அதைப் பொறுத்துத்தான் யுஎஸ்பி போதுமா, ஆப்டிகலும் வேண்டுமா என்று சொல்ல முடியும். பழைய ஆம்ப் சிலவற்றில் ஆர்சிஏவே இருக்காது, ஐந்து பின் உள்ள 'டின்' (DIN) என்ற பழைய வகை வட்ட ஓட்டைதான் இருக்கும். அதற்கு ஒயர் தனியாகச் செய்ய வேண்டும், அந்த சவுண்ட் சர்வீஸ் அண்ணனிடமே கேட்டுச் செய்து தருகிறேன். ஆம்ப்பின் பின்பக்கத்தை எழுத்துத் தெரிகிற மாதிரி ஒரு போட்டோ எடுத்துப் போடுங்கள். பிளக்கில் எத்தனை பின் என்பதும் தெரியட்டும்.