காய்ச்சல் 'சப்சைடட்' சரியா, 'வாஸ் சப்சைடட்' சரியா?

வார்டு அக்கா:
நர்ஸாக இருக்கிறேன். ஓஈடி (மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வு) பரீட்சைக்குப் படிக்கிறேன். அதில் நோயாளியைப் பற்றி 180–200 வார்த்தையில் ஒரு கடிதம் எழுத வேண்டும். எங்கள் வார்டு நோட்ஸில் காய்ச்சல் தணிந்தால் எல்லோரும் 'ஃபீவர் வாஸ் சப்சைடட்' என்றுதான் எழுதுகிறார்கள். ரூம்மேட் 'வாஸ்' கூடாது என்கிறாள். ஏன் என்றால் "காதுல இடிக்குது" என்கிறாள். பேசாமல் அதே பொருளுள்ள 'அபேட்' போட்டுவிடலாமா?

பழைய டெஸ்க்:
ரூம்மேட் காது சரிதான்மா. ஆங்கிலப் பத்திரிகை டெஸ்க்கில் இருந்தவன் நான். ஐப்பசி, கார்த்திகை வெள்ளச் செய்தி வந்தால் இந்த 'வாஸ்'ஐ வெட்டுவதே பிழைப்பு. பள்ளியில் தன்வினை, பிறவினை படித்தோமே, தணிந்தது, தணித்தது என்று? சப்சைட் வெறும் 'தணிந்தது'. யாரும் எதையும் சப்சைட் பண்ண முடியாது. அப்புறம் செயப்பாட்டுவினை எங்கிருந்து வரும்? 'த ஃபீவர் சப்சைடட் ஆஃப்டர் பாராசிட்டமால்' போதும். மருந்துதான் தணித்தது என்று அழுத்த வேண்டுமானால் 'பாராசிட்டமால் ப்ராட் த ஃபீவர் டவுன்'.

லத்தீன் வேரில் சப்சைடுக்குக் 'கீழே படிதல்' என்று பொருள். 2015 டிசம்பர் சென்னை வெள்ளம் சப்சைட் ஆனது; வீக்கம், கூச்சல், கோபமும் ஆகும். 2023 ஜனவரியில் ஜோஷிமட்டில் தரை இறங்கியதற்கும் 'லேண்ட் சப்சைடன்ஸ்' என்றே செய்தி வந்தது. ஆனால் எடை குறைந்ததற்கு 'வெயிட் சப்சைடட்' என்று மட்டும் எழுதிவிடாதே, சிரிப்பார்கள்.

அபேட் கடுமை குறைவதற்கு: புயல், வலி. அது இரண்டு வினைக்கும் வளையும். 'அபேட் த நியூசன்ஸ்' என்று பிறவினையாக வந்தால் சட்ட வாசனை அடிக்கும். உன் கடிதத்தில் வலிக்கு 'ஈஸ்ட்' (eased) போட்டாலே அழகு.

கோர்ட்டு குமாஸ்தா:
எங்கள் பக்கம் அபேட் ஆனால் தணிவதில்லை, கதையே முடிந்தது! சிவில் வழக்கில் ஒரே வாதி இறந்து, வாரிசுகளைச் சேர்க்க 90 நாளுக்குள் மனுப் போடவில்லை என்றால் 'த சூட் அபேட்ஸ்'. நீதிபதி உத்தரவு போட்டுத்தான் என்றில்லை, தானாகவே. ஐயா சொன்ன தன்வினைதான் இங்கேயும். வழக்கு அப்படி முடிந்துபோனதை ரத்து செய்யக் கேட்க இன்னும் 60 நாள் உண்டு.

வார்டு அக்கா:
நன்றி ஐயா. அப்போ 'த ஸ்வெல்லிங் ஹேஸ் சப்சைடட்' எழுதலாமா?

பழைய டெஸ்க்:
தாராளமாக. நடுவில் 'பீன்' நுழையாமல் பார்த்துக்கொள்.